இடுப்பு மாற்று ஆபரேஷன், சின்னத் தழும்பு முறை: வீட்டுக்கு வந்தப்புறம் எப்படி இருக்கும்?

தறிச்சத்தம் (குடியாத்தம்)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு. வலது பக்க இடுப்பு மூட்டு சுத்தமா தேஞ்சுபோச்சு. ஆவணி கடைசியில ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. பெரிசா கிழிக்காம, சின்னதா திறந்து பண்ற முறைன்னு டாக்டர் சொன்னார். ஓபி கூட்டத்துல அதுக்கு மேல கேக்க முடியல.

அன்னையிலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாம் "சின்ன ஓட்டைதானே, பத்து நாள்ல பழையபடி ஆயிடுவாங்க"ன்னு சொல்லிச் சொல்லி, அம்மா கார்த்திகை ஞாயித்துக்கிழமை சோளிங்கர் மலை ஏறுறதா வேண்டிக்கிட்டாங்க. படி ஏறித்தான் போவாங்களாம்.

எங்களது பழைய ஓட்டு வீடு. கக்கூஸ் கொல்லையில, குத்துக்கால் போட்டு உக்கார்றது. அம்மா படுக்கிறது தரையில பாய் போட்டு. பகல்ல தரையில உக்காந்து ராட்டையில தார் (தறிக்கான நூல்) சுத்துவாங்க. சுகரும் இருக்கு. முதல் ரெண்டு மாசம் உண்மையில எப்படிப் போகும்? பண்ணிக்கிட்டவங்க, வீட்ல பார்த்துக்கிட்டவங்க சொல்லுங்க.

மக்கன்பேடா (ஆற்காடு)

போன வருஷம் எனக்கு இடது பக்கம் பண்ணாங்க. தொடைக்கு முன்பக்கமா திறக்கிற முறை. வயசு 58.

முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வெச்சாங்க. மறுநாள் காலையில பிசியோ வந்து வாக்கரைக் குடுத்து நிக்க வெச்சுட்டாங்க. நானே நம்பல. தலை சுத்துச்சு, ஆனா பழைய வலி இல்லை. வருஷக்கணக்கா ராத்திரியில இடுப்புக்குள்ள குடைஞ்சிட்டு இருந்துச்சே, அது ஆபரேஷன் தியேட்டர்லயே போயிடுச்சு. இப்ப இருக்கிறது வெட்டுக்காய வலி, தொடை இறுக்கம். மாத்திரைக்குக் கேட்கிற வலி.

யாரும் முன்கூட்டி சொல்லாத சில விஷயம் சொல்றேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தொடை வீங்கும். கன்னிப்போன ரத்தம் கீழ இறங்கி முட்டி, கணுக்கால் வரைக்கும் ஊதா, பச்சைன்னு நிறம் மாறும். என் வீட்டம்மா அழுதுட்டா. டாக்டர்கிட்ட போட்டோ அனுப்பிக் கேட்டோம், சாதாரணம்னு சொன்னார். தொடையோட வெளிப்பக்கத்துல ஒரு உள்ளங்கை அளவுக்கு இன்னும் மரத்துதான் இருக்கு. முன்பக்க முறையில தோலுக்கு வர்ற ஒரு நரம்பு அந்த வழியா போகுதாம். நடைக்கு ஒண்ணும் ஆகாது, லுங்கி உரசினா மட்டும் வித்தியாசமா தெரியும்.

தூக்கம்தான் பெரிய தொல்லை. மல்லாந்தே படுக்கணும், ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி. நம்ம ஊர் வெயில்ல முதுகு வேர்த்து, புரளவும் முடியாம, விடியக்காலை நாலு மணிக்கு பாலாத்துப் பாலத்துல லாரி போற சத்தத்தை எண்ணிட்டு இருப்பேன். அப்புறம் மலச்சிக்கல். வலி மாத்திரையில சிலது வயித்தைக் கட்டிப்போட்டுடும். கீரை, கொய்யா, நிறைய தண்ணி. முதல் நாள்லேர்ந்தே ஆரம்பிச்சுடுங்க.

முள்ளுக்கத்தரி (வேலூர்)

இந்த "சின்னத் தழும்பு" என்பதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். என் மாமனாருக்குப் பெரிய தழும்புடன் பழைய முறையில் செய்தார்கள். அண்ணிக்குப் புதிய முறை. அண்ணி முதல் மாதத்தில் வேகமாக முன்னேறினார், உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்து இருவரையும் கோட்டைப் பூங்காவில் நடக்கவிட்டுப் பார்த்தால், யாருக்கு எந்த முறை என்று கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகளும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கின்றன: தொடக்க வாரங்களில் லாபம், பிறகு சமம்.

தழும்பின் நீளத்துக்காக இன்னொரு ஊருக்கு ஓடுவதையோ கூடுதல் பணம் கட்டுவதையோ நான் சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் எந்த முறையில் அதிகம் கை பழகியவரோ, அந்த முறையே நல்ல முறை. குறிப்பாக முன்பக்க முறை கைவர நாள் பிடிக்கும்.

தொரப்பாடி_பிசியோ

முள்ளுக்கத்தரி சொன்னதுல பெரும்பகுதி சரி. நான் பிசியோதெரபிஸ்ட். இந்த மாதிரி நோயாளிகளை வீட்டுக்குப் போயும் பார்க்கிறேன். தறிச்சத்தம், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

வெளியில தெரியற தழும்பு 8-லேர்ந்து 10 சென்டிமீட்டர் இருக்கும். பழைய முறையில 20, அதுக்கு மேலயும் போகும். ஆனா உள்ள நடக்கிற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான். தொடை எலும்போட தலையை அறுத்து எடுத்துடுறாங்க. இடுப்புக் கிண்ணத்தைச் சீவி உலோகக் கிண்ணம் பதிக்கிறாங்க. தொடை எலும்புக்குள்ள ஒரு தண்டை இறக்கி, மேல புதுப் பந்து மாட்டுறாங்க. சிமென்ட் வெக்காத வகைன்னா, எலும்பு வளர்ந்து அந்த உலோகத்தைப் பிடிச்சுக்க 6-லேர்ந்து 12 வாரம் ஆகும். நட்ட நாத்து வேர் பிடிக்கிற மாதிரிதான், மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. சின்னத் தழும்புனால இந்தக் கெடு குறையாது. குறையறது தசைக்கு ஆகுற சேதம், ரத்த இழப்பு, முதல் சில வார வலி.

அதனால நீங்க டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு பெரிய தழும்பு" இல்லை. "முன்பக்கமா, பின்பக்கமா?" அதுதான். சின்னத் தழும்பு ரெண்டு பக்கமும் போடலாம். முன்பக்கம்னா தசைகளுக்கு இடையில விலக்கிட்டுப் போவாங்க. பின்பக்கம்னா பிட்டத்துக்கு அடியில இருக்கிற சின்னச் சின்ன தசைகளைப் பிரிச்சு, கடைசியில தெச்சுடுவாங்க. மூட்டு நழுவுற ஆபத்து முதல் மூணு மாசத்துலதான் அதிகம். எந்தப் பக்கம் திறந்தாங்களோ அதைப் பொறுத்துத்தான் எது கூடாதுன்னு வரும்.

பின்பக்கம்னா: இடுப்பு 90 டிகிரிக்கு மேல மடங்கக் கூடாது, கால்மேல கால் போடக் கூடாது, ஆபரேஷன் ஆன கால் பாதத்தை உள்பக்கமா திருப்பக் கூடாது. நம்ம வீட்ல இதுக்கு அர்த்தம் என்னன்னா, தரையில உக்கார்றது, சம்மணம், அரிவாள்மணை, குனிஞ்சு கோலம், அடி ட்ரம்ல தண்ணி மொள்றது, பெரியவங்க கால்ல விழுறது எல்லாம் கட். முன்பக்கம்னா இவ்வளவு கட்டுப்பாடு பல டாக்டர்கள் சொல்ல மாட்டாங்க. அதுல கவனிக்க வேண்டியது வேற: காலை ரொம்பப் பின்னால நீட்டறது, பாதத்தை வெளிப்பக்கமா திருப்பி உடம்பை முறுக்கறது. பக்கத்து பெட்காரங்க சொன்னதை அப்படியே உங்க அம்மாவுக்குப் போடாதீங்க, அவங்களுக்கு வேற பக்கமா இருக்கலாம்.

தையலோ ஸ்டேப்ளர் பின்னோ 10-லேர்ந்து 14 நாள்ல எடுப்பாங்க. வாக்கர் ரெண்டுலேர்ந்து நாலு வாரம், அப்புறம் கைத்தடி. தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க் கையில பிடிக்கணும். வலது காலுக்கு இடது கை. பத்துல எட்டு பேர் மாத்திப் பிடிப்பாங்க, வீட்ல இருக்கிறவங்க கவனிச்சுத் திருத்தணும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதல்ல.

மூணாவது வாரம்தான் எனக்குப் பயம். வலி குறைஞ்சிருக்கும், தழும்பு சின்னதா இருக்கும், பார்க்க வந்தவங்க "ஒண்ணுமே ஆகலையே"ம்பாங்க. ஆள் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. சாயந்திரம் கால் யானைக்கால் கணக்கா வீங்கும். நடை கூடிக்கிட்டே போகணும், ஆனா மறுநாள் காலையில வீக்கம் இறங்கலைன்னா முந்தின நாள் நடை அதிகம்னு அர்த்தம்.

கோட்டை_அகழி

இன்னாத்துக்கு இவ்ளோ பயமுறுத்துறீங்க. எங்க ஆயா விழுந்தப்ப புத்தூர் கட்டு போட்டு, எண்ணெய் நீவிவிட்டு சரியாயிடுச்சு. தையல் பிரிச்சதும் தினமும் சூடா எண்ணெய் போட்டு தொடை, கெண்டைக்கால் எல்லாம் நல்லா உருவிவிடுங்க, வீக்கம் ஓடிப்பூடும். ஆட்டுக்கால் சூப்பு குடுங்க, எலும்பு கூடும்.

தொரப்பாடி_பிசியோ

அண்ணே, கோச்சுக்காதீங்க, இதை மட்டும் கண்டிப்பா மறுக்கணும். இந்த ஆபரேஷனுக்கப்புறம் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறதுதான் டாக்டர்கள் ரொம்பப் பயப்படற விஷயம். அதுக்குத்தான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ ஊசியோ குடுப்பாங்க, பல பேருக்கு 35 நாள் வரைக்கும். கெண்டைக்கால்ல உறைஞ்ச கட்டி இருக்கும்போது உருவிவிட்டா, அது கழண்டு நுரையீரலுக்குப் போகலாம். உயிருக்கே ஆபத்து. எண்ணெயும் வேணாம், மஞ்சளும் வேணாம், தழும்பு மேல எதையும் பூசாதீங்க.

வீக்கத்துக்கு நீங்க பண்ண வேண்டியது: படுத்திருக்கும்போது பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டணும், முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணிக்கும் பத்து இருபது தடவை. ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம் வைங்க. ரத்தம் உறையாம இருக்கிற அந்த மாத்திரை ஓடுறப்போ மெடிக்கல்ல போய் வேற வலி மாத்திரை வாங்கி முழுங்கக் கூடாது, வயித்துல ரத்தக் கசிவு வரும். நாட்டு மருந்தும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

சூப்பு குடிக்கட்டும், தப்பில்லை. ஆனா உடம்பு ஆறப் புரதம் வேணும்: முட்டை, மீன், பருப்பு, பயறு, மோர். "பத்தியம்"னு ரசஞ்சோறு மட்டும் போட்டு ஆளை இளைக்க வெக்காதீங்க.

கோட்டை_அகழி

சரிம்மா, நீங்க படிச்சவங்க. ஆனா மீனு சாப்ட்டா சீழ் புடிக்கும்னு எங்க பக்கம் இன்னும் சொல்லிட்டுக் கீறாங்க, அதையும் நீங்களே வந்து சொன்னா நல்லாருக்கும்.

தோல்ஷாப்_தம்பி (ஆம்பூர்)

எனக்கு 36 வயசு. கொரோனா சமயத்துல ஸ்டீராய்டு போட்டது, அதுக்கப்புறம் இடுப்பு எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பே செத்துப்போச்சுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுது. எனக்கும் இதே ஆபரேஷன்தான் சொல்லியிருக்காங்க. ஷூ கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை. கேக்க வேண்டியது நாலு இருக்கு. எப்ப வேலைக்குப் போலாம்? எப்ப பைக் ஓட்டலாம்? தொழுகையில சஜ்தா (நெத்தியைத் தரையில வெச்சு வணங்கறது) செய்ய முடியுமா? இந்த வயசுல போட்டா எவ்வளவு வருஷம் தாங்கும்? அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதை எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல.

தொரப்பாடி_பிசியோ

தம்பி, அஞ்சாவதையே முதல்ல சொல்லிடறேன், எல்லாரும் தயங்கறாங்க, கேக்காமலே போய் பயந்துட்டு இருக்காங்க. தாம்பத்தியத்துக்குப் பொதுவா ஆறு வாரம் சொல்வாங்க. மேல சொன்ன அதே கட்டுப்பாட்டுக்குள்ள, மல்லாந்து படுத்த நிலை பாதுகாப்பு. உங்க டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க, அவருக்கு இது தினசரிக் கேள்வி.

நின்னு பாக்கிற வேலைக்கு ஆறு வாரத்துக்கு முன்ன போகாதீங்க, பல பேருக்கு மூணு மாசம் ஆகுது. நடுவுல உக்கார உயரமான ஸ்டூல் குடுக்கச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட இப்பவே பேசி வைங்க. கார் ஓட்டவே ஆறு வாரம்னு சொல்றோம். பைக் அதுக்கும் பிறகு. ஓட்டறதைவிட, காலைத் தூக்கிப் போட்டு ஏறுறது, சிக்னல்ல வண்டி சாஞ்சா ஒத்தக் கால்ல தாங்குறது, இதுதான் பிரச்சினை. பெண்களுக்கும் சொல்லிடறேன், பைக்ல ஒருபக்கமா உக்காந்து போறது இடுப்பை முறுக்கும்.

எத்தனை வருஷம்னு கேட்டீங்க. 2019-ல் லான்செட் இதழ்ல பல நாட்டுக் கணக்கைச் சேர்த்து வெளியான ஆய்வுப்படி, இடுப்பு மாற்று மூட்டுல 58 சதவீதம் 25 வருஷம் தாங்கியிருக்கு. அதெல்லாம் பழைய காலத்து மூட்டு. இருந்தாலும் உங்க வயசுக்கு வாழ்நாள்ல இன்னொரு தடவை மாத்த வேண்டி வரலாம்னு தெரிஞ்சுக்கிட்டே போங்க.

ஆம்பூர்_தாத்தா

தொழுகை விஷயம் நான் சொல்றேன் தம்பி. நான் பண்ணிக்கிட்டவன், பின்பக்க முறை. நாற்காலியில உக்காந்து தொழறேன். உடம்பு முடியாதவன் உக்காந்து தொழலாம், சைகையால ருகூ (குனிஞ்சு வணங்கறது), சஜ்தா செய்யலாம்னு மார்க்கத்துலயே இருக்கு. பள்ளிவாசல்ல வரிசை ஓரமா நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. மனசுல குறை வெச்சுக்காதீங்க. தரையில சஜ்தா செய்யலாமான்னு டாக்டர் மூணு மாசம் கழிச்சுப் பார்த்துட்டு சொல்வார், அவசரப்படாதீங்க. தொழுகைக்கு முன்ன ஒளூ செய்யும்போது குனிஞ்சு கால் கழுவறதுதான் கஷ்டம், பேரனை மக்குல ஊத்தச் சொல்வேன்.

வாலாஜா_வாசப்படி

தறிச்சத்தம் அக்கா, வீட்டைப் பத்தி நான் சொல்றேன். எங்க நைனாவுக்குப் பண்ணப்போ மூட்டை விட வீடுதான் எங்களைப் படுத்துச்சு.

கக்கூஸ்: கம்மோடு நாற்காலி வாங்கிடுங்க, நடுவுல ஓட்டை உள்ளது. கொல்லைக்கு ராத்திரியில போக வேணாம், முதல் வாரம் ரூம்லயே வெச்சுக்கலாம். நைனா கூச்சத்துல தண்ணியே குடிக்கலை, அதுல சிறுநீர் எரிச்சல் வந்துச்சு. அப்புறம் அம்மாதான் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி மறைப்பு பண்ணாங்க, சரியாயிடுச்சு.

படுக்கை: கட்டில் வேணும். இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், அது வேணாம். உக்காந்தா முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்வா இருக்கணும். கட்டில் தாழ்வா இருந்தா தச்சரைக் கூப்பிட்டு நாலு காலுக்கும் கட்டை போடுங்க. சோபா, ஈசி சேர் பக்கம் விடாதீங்க. கை வெச்ச கெட்டியான நாற்காலி போதும்.

ஓட்டு வீட்ல நிலைப்படி உயரமா இருக்குமே, அங்கதான் வாக்கர் தட்டும். எடுக்க முடியாதுன்னா ரெண்டு பக்கமும் சின்னச் சாய்வு போடச் சொல்லுங்க. கால்மிதி, சுருட்டின பாய், ஒயர் எல்லாத்தையும் ஒதுக்குங்க. வாக்கர் கால்ல இருக்கிற ரப்பர் தேஞ்சிருந்தா மாத்துங்க, வாடகைக்கு எடுத்தா முதல்ல அதைப் பாருங்க.

செலவு பத்தி: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம், வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. இந்த ஆபரேஷனும் அதுல வரும். எந்த வகை மூட்டு அதுல அடங்கும், கூடுதலா எது கட்டணும்னு சேர்றதுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்டர்ல கேட்டுடுங்க. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் விசாரிச்சுப் பாருங்க. பிசியோவுக்குத் தினமும் ஆட்டோ வெச்சுப் போக முடியாதவங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல "மக்களைத் தேடி மருத்துவம்" பத்திக் கேளுங்க. 2021-ல ஆரம்பிச்சது, அதுல பிசியோ வீட்டுக்கே வர்ற ஏற்பாடு இருக்கு.

தறிச்சத்தம்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. படிச்சுட்டு அண்ணனைக் கூட்டிட்டுப் போய் டாக்டரைப் பார்த்தோம். பின்பக்க முறையாம். சுகர் மூணு மாச சராசரி கூட இருக்குன்னு, அதை இறக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டார், தேதி கொஞ்சம் தள்ளிப் போகுது. சொத்தைப் பல்லையும் முதல்லயே பார்த்துட்டு வரச் சொல்லிட்டார். இடுப்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு அம்மா கேக்கறாங்க.

இன்னும் மூணு கேள்வி. ஆஸ்பத்திரியிலேர்ந்து குடியாத்தம் வரைக்கும் கார்ல கூட்டிட்டு வரலாமா? எந்த அறிகுறி வந்தா உடனே ஓடணும்? சோளிங்கர்?

தொரப்பாடி_பிசியோ

பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து புது மூட்டுல போய் உக்காந்துக்கும், அதான். பின்னாடி எந்தப் பல் வைத்தியத்துக்குப் போனாலும் செயற்கை மூட்டு இருக்குன்னு சொல்லணும். சுகரைக் கட்டுப்படுத்திட்டுப் பண்றது நல்லது. டாக்டர் தள்ளிப்போட்டதை நான் ஆதரிக்கிறேன்.

கார் சரி. முன் சீட்டைப் பின்னாடி தள்ளி, சாய்ச்சு, கெட்டித் தலகாணி போடுங்க. அது மேல ஒரு பிளாஸ்டிக் பை விரிச்சா வழுக்கித் திரும்ப வசதி. முதல்ல முதுகைக் காட்டி உக்காரணும், அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள கொண்டுவரணும். பள்ளிகொண்டாவுல ஒரு தடவை நிறுத்தி, இறங்கி நாலு எட்டு நடக்கச் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க: ஜுரம் 100.4-க்கு மேல, தழும்புல நீரோ சீழோ கசியறது, சுத்தி சிவந்து சூடாகிறது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வலிச்சு இறுகறது. இதுக்கு அன்னைக்கே டாக்டர். திடீர்னு தாங்க முடியாத வலியோட கால் குட்டையாகித் திரும்பிக்கிச்சுன்னா மூட்டு நழுவியிருக்கும், நடக்க வெக்காதீங்க, 108 கூப்பிடுங்க. மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி வந்தாலும் 108தான், விடியட்டும்னு இருக்காதீங்க.

கால் நீளமாயிட்டமாதிரி அம்மா சொல்வாங்க. ரொம்ப நாள் தேஞ்ச மூட்டோட சாஞ்சு நடந்த உடம்பு, தசை இறுக்கம் விடற வரைக்கும் அப்படித்தான் தோணும். உடனே செருப்புக்குக் கட்டை வெச்சுடாதீங்க, மூணு மாசம் பாருங்க. நடக்கும்போது உள்ள "க்ளிக்"னு சத்தம் கேட்டா, வலி இல்லாத வரைக்கும் பயம் வேணாம்.

சோளிங்கர் 1,305 படி. இந்தக் கார்த்திகைக்கு வேணாம். ரோப் கார்ல போனாலும் கார்த்திகை ஞாயிறு வரிசையில மணிக்கணக்கா நிக்கணும், இடிபடணும். அடுத்த வருஷம் கூட்டமில்லாத நாள்ல ரோப் கார்ல போகட்டும். படி ஏறணும்னு பிடிவாதமா இருந்தா அப்ப டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மக்கன்பேடா

தார் சுத்துறதைப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க தெருவுல ஒரு அம்மா இதே ஆபரேஷனுக்கப்புறம் ராட்டையை மேஜை மேல தூக்கி வெச்சு, நாற்காலியில உக்காந்து சுத்தறாங்க. மேஜை மட்டும் ஆடக் கூடாது.

தறிச்சத்தம்

அண்ணா, அது நல்ல யோசனை. தறிக்கூடத்துல பழைய மர மேஜை ஒண்ணு கிடக்கு, கால் ஒண்ணு ஆட்டம், கட்டிலுக்குக் கட்டை போட வர்ற தச்சர்கிட்டயே அதையும் சொல்லிடறேன். நரசிம்மருக்கு வேண்டினதை எப்படித் தள்ளிப்போடறதுன்னு அம்மா கேட்டாங்க, பெரியம்மா மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சுட்டாங்க. கம்மோடு நாற்காலி யார்கிட்டயாவது சும்மா கிடக்குதா? குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் இருந்தா நானே வந்து எடுத்துக்கறேன்.

வாலாஜா_வாசப்படி

எங்க வீட்ல பரண்ல இருக்கு அக்கா. வாளி மட்டும் புதுசு வாங்கிக்கோங்க. தனிச்செய்தியில அட்ரஸ் அனுப்பறேன்.